வீதியில் காயும் நெல்

மட்டக்களப்பில் காலையில் கிளம்பி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தேன். 2014இல் பாலம் திறக்கும் வரை இங்கே 'பாதை'தான். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைப் படகை இந்தப் பக்கத்து ஆட்கள் பாதை என்றுதான் சொல்வார்கள். முதல்தடவை வந்தபோது, "பாதை வரட்டும், நில்லுங்க" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வீதி எப்படி வரும் என்று முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சூரியன் எழும்புகிற கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய கந்தோர்களும் எழுவான்கரையில். சோறு பெரும்பாலும் படுவான்கரையில் இருந்துதான் வரும்.

பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலைப் பக்கம் திரும்பியதும் வீதி பாதியாகிவிட்டது. மறுபாதியில் நெல். மாசி மாதம், மழைக்காலத்தில் விதைக்கிற பெரும்போகத்தின் அறுவடை உச்சத்தில். நல்ல கார்பட் வீதி சும்மா கிடந்தால் விடுவார்களா? படங்கு விரித்தும் விரிக்காமலும் கிலோமீற்றர் கணக்கில் பரப்பியிருந்தார்கள். ஒரு அக்கா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, பாதங்களை உழுவதுபோல் இழுத்து இழுத்து நெல்லின் நடுவே நடந்துகொண்டிருந்தார். அவர் போன இடமெல்லாம் கால் அகலத்துக்கு வரி விழுந்தது. அடி நெல் மேலே வர, மேல் நெல் அடியில் போக, திரும்பி வந்து பழைய வரிகளைக் குறுக்கே வெட்டினார். மோட்டார் சைக்கிளை நான் ஓரமாக எடுத்தும், ஒரு பார்வை பார்த்தார். சரி, நான்தான் களத்துக்குள் வந்தவன்.

நண்பனின் பெரியப்பாவுக்கு ஐந்து ஏக்கர். வெட்டு மெசின் நேற்றுத்தான் போயிருந்தது. முன்பு வெட்டிய கதிரைக் குவித்துச் சூடு வைத்து, களவெட்டியில் மாடு விட்டு மிதித்து, "பொலி பொலி" என்று சொல்லித் தூற்றிய வேலையெல்லாம் இப்போது சில மணித்தியாலங்களில் முடிகிறது. ஆனால் மெசின் தருவது ஈரநெல். அதைக் காய வைக்க இடமில்லை. அதனால்தான் வீதி. அரசாங்கம் 2025 பெப்ரவரியில் 'நாட்டு' வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று விலை அறிவித்தது, ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கோடு. பெரியப்பா நாலு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். 'நறுக்' என்று வரவில்லை. "இன்னும் ஒரு வெயில் வேணும் மனே." அந்த ஒரு வெயில் வரை பொறுக்க முடியாதவன் ஈரநெல்லை வந்த லொறிக்கே கொடுப்பான். லொறிக்காரர் சொல்வதுதான் அங்கே விலை.

மறுகா 2021க்குப் பேச்சுப் போனது. படுவான்கரையில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் அது வரும். அந்த மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை, எண்ணெய் (பூச்சிக்கும் களைக்கும் அடிக்கிற மருந்துக்கு வயலில் இதுதான் பெயர்) இரண்டின் இறக்குமதியும் நின்றுபோயின. கோத்தாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன (இயற்கை உர) விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் இருந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அரிசியில் தன்னிறைவு என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு கப்பலுக்குக் காத்திருந்தது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. 50 கிலோ யூரியா மூடையில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெரு என்றாலும் நூறு கிலோவில் ஒன்றிரண்டு கிலோதான் தேறும். ஆக, ஒரு மூடைக்குப் பதில் ஒன்றரை, இரண்டு தொன் எரு. அதுவும் பயிர் கேட்கிற நேரத்தில் சட்டென்று கொடுக்காது, ஆறுதலாகத்தான் கொடுக்கும். ஐந்து ஏக்கருக்கு அதை எங்கே கிண்டுவது, எதில் ஏற்றுவது?

"கொக்கட்டிச்சோலையில கல்நந்தி புல்லுத் திண்டது சாமி காரியம்," என்றார் பெரியப்பா, அந்தக் கோயிலின் பழங்கதையை நினைத்து. "வயல் அப்பிடி இல்ல மனே. போட்டாத்தான் விளையும்."

அவர் எருவுக்கு எதிரி இல்லை. மாட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பம். வீட்டுத் தேவைக்கு என்று ஒரு மூலையில் இன்றைக்கும் பச்சைப்பெருமாள் என்ற பழைய நெல்லினத்தை விதைக்கிறார், இரசாயனப் பசளை இல்லாமல். நான் இந்தியாவின் சிக்கிம் மாநிலக் கதையைச் சொன்னேன். 2003இல் தீர்மானம் எடுத்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016 ஜனவரியில்தான் முழுச் சேதன மாநிலம் என்று அறிவித்தார்கள். பதின்மூன்று வருடம். பூட்டான் 2020க்குள் என்று இலக்கு வைத்து, முடியாமல் 2035க்குத் தள்ளிவிட்டது. கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தவர் நிமிர்ந்து, "சிக்கிம்காரன் எந்த அரிசி தின்கிறான்?" என்றார். பெரும்பகுதி வெளியில் இருந்து போகிற அரிசி. சொன்னதும் சிரித்தார். எத்தனையோ கட்டுரை வாசித்தும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

"ஒரு கூட்டம் வச்சிருந்தாச் சொல்லியிருப்பமே," என்றார். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பு எப்போது, மாடுகளை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோகும் கடைசித் திகதி எது, குளத்துத் தண்ணீர் உள்ள இடமென்றால் வாய்க்கால் எப்போது திறப்பது என்று வட்டவிதானையும் (வயல் தண்ணீரைக் கவனிக்கிற பொறுப்பாளர்) அதிகாரிகளும் விவசாயிகளும் இருந்து, கத்திச் சண்டை பிடித்து முடிவெடுப்பார்கள். மாடு எப்போது போகும் என்பதற்குக் கூட்டம் உண்டு. பசளை போனதற்கு இல்லை.

அடுத்த நாள் அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குப் போனேன். பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அணைக்கட்டு அங்கே. அணை தேக்கிய பெருங்குளத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துமாம். எனக்குக் காற்றும் நீர்க்காகங்களும்தான் கிடைத்தன. இந்தத் திட்டத்தின் குடியேற்றக் கதையும், 1956இல் இங்கே ஓடிய இரத்தமும் தனிக் கட்டுரைக்கு உரியவை. என் மனதில் ஓடியது 1981. அந்த வருடம் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை இடதுகரைக் கிராமங்களில் தங்கவைத்து, விவசாயிகளைக் குழுக்களாகப் பேசவைத்தன. சில கிழமைகளுக்குள் ஆட்கள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்து, தலைமடையில் மிச்சம் பிடித்துக் கடைமடைக்குத் தண்ணீர் விட்டார்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் அதுவரை சாதிக்காத வேலை.

பின்னேரம் திரும்பி வருகையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. வீதி முழுக்க ஆட்கள், விளக்குமாறு, படங்கு, உரப்பை. பெரியப்பா என்னைக் கண்டதும் கை காட்டினார். மோட்டார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடினேன். ஒரு பொடியன் என் கையில் பலகையைத் தந்து, "அண்ணே, அந்தக் கரையில இருந்து தள்ளுங்க," என்றான். முதல் துளி கழுத்தில் விழும்போது பாதி நெல் இன்னும் வீதியில் கிடந்தது.