படம் எங்களுது, மூஞ்சி எங்களுது இல்ல

வடபழனியில் அந்தத் தயாரிப்பு அலுவலகத்தின் மாடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்க நூறாவது நாள் கேடயங்கள். கடைசியில் மேனேஜர் வந்தார். அறுபது வயதிருக்கும். என் விசிட்டிங் கார்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டுக் கேட்டார்: "புரொட்யூசர்னு போட்டிருக்கே. பணம் நீங்க போடுறீங்களா தம்பி?"

இல்லை சார், வீடியோ கேம் கம்பெனியில் புரொட்யூசர் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுத்து, தேதி தவறாமல் முடிக்க வைக்கிற ஆள், பணம் வேறு யாராவது போட வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப புரொடக்ஷன் மேனேஜர்னு சொல்லுங்க. புரொட்யூசர்னு சொன்னா இந்த ஏரியாவுல கடன் கேட்டு வந்துருவாங்க" என்றார். பத்து வருடம் இந்த வேலையைப் பார்த்த பிறகும், என் பதவிக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அது 2016. பெருங்குடிப் பக்கம் ஒரு வாடகை மாடியில் பதினான்கு பேர் இருந்தோம். வெளிநாட்டு கேம்களுக்கு நாற்காலி, பீப்பாய், துப்பாக்கி என்று முப்பரிமாண மாடல்கள் செய்து அனுப்புவதுதான் வயிற்றுப்பாடு. சொந்தமாக ஒரு கேம் வெளியிட வேண்டும் என்பது நிறுவனரின் ஆசை. புதுப் பெயரில் கேம் விட்டால் யாருக்குத் தெரியும்? பெரிய ஹீரோ படத்தின் பெயரில் ஓட்ட விளையாட்டு விட்டால் விளம்பரத்தைப் படமே பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கோடுதான் நான் வடபழனிக்குப் போனேன்.

லைசென்ஸ் என்றால் என்னவென்று மேனேஜருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "எம்.ஜி.யா, அட்வான்ஸா, அவுட்ரேட்டா?"

சினிமா விநியோகத்தில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. அவுட்ரேட் என்றால் மொத்த விலை, லாபமும் நஷ்டமும் வாங்கியவருக்கு. அட்வான்ஸ் என்றால் படம் வசூலிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி, திரும்பி வராது. அதற்கு மேல் வந்தால் பங்கு பிரிப்பார்கள். உலகம் முழுக்க கேம் லைசென்ஸ்களில் அதிகம் நடப்பது இந்த எம்.ஜி. முறைதான்: உரிமம் வாங்குகிறவர் ஒரு குறைந்தபட்சத் தொகையை முதலிலேயே கொடுப்பார், விற்பனையில் ஒரு சதவீதமான ராயல்டி சேர்ந்துகொண்டே வந்து அந்தத் தொகையைத் தாண்டிய பிறகு கூடுதலாகக் கொடுப்பார். நான் ஆங்கில ஒப்பந்த மாதிரிகளைப் படித்து இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டதை அவர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

சிக்கல் அடுத்த பத்து நிமிடத்தில் வந்தது. தலைப்பு, லோகோ, கதாபாத்திரத்தின் பெயர் தருகிறோம் என்றார். பாட்டு? "ஆடியோ ரைட்ஸ் வித்தாச்சு. அவங்ககிட்ட தனியா பேசிக்கங்க." பின்னணி இசை? அதுவும் அந்த ஆடியோ கம்பெனியிடம். ஹீரோ முகம்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "படம் எங்களுது தம்பி. மூஞ்சி எங்களுது இல்ல. அவரு படத்துல நடிக்கத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. விளையாட்டுல ஓடுறதுக்குப் போடல."

நான் கையோடு கொண்டுபோயிருந்த டேப்லெட்டில் மாதிரியைக் காட்டினேன். ஓட்ட விளையாட்டு எல்லாவற்றிலும் கேமரா பின்னால்தான் இருக்கும். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முதுகுதானே தெரியுது? முதுகுக்கு யாரு கேஸ் போடப் போறா?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் வக்கீலுக்குப் படவில்லை. தன் பெயரை இந்திப் படம் ஒன்றின் தலைப்பில் வைத்ததை எதிர்த்து ரஜினிகாந்த் போட்ட வழக்கில், முந்தைய வருடம்தான், 2015-இல், சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருந்தது. பிரபலமானவர் யார் என்று அடையாளம் தெரிந்தால் போதும், மக்கள் ஏமாந்தார்களா என்று நிரூபிக்கக்கூடத் தேவையில்லை என்பது அதன் சாரம். "அந்த நடையும் அந்தச் சட்டையும் பார்த்தா யாருன்னு சின்னப் பையன் சொல்லுவான். அப்ப முதுகும் மூஞ்சிதான்" என்றார் வக்கீல்.

முகம் இல்லாமல், பாட்டு இல்லாமல், தலைப்புக்கு மட்டும் எம்.ஜி. கட்டுவதா என்று யோசித்து விலகிக்கொண்டோம். நிறுவனருக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. பட வெளியீட்டுக்கு அப்போது பதினோரு வாரம்தான் இருந்தது. படத்தின் தேதிக்காகச் செய்யும் கேம் என்ன ஆகும் என்பதற்கு 1982-இலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்க கேம் கம்பெனியான அட்டாரி, ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படத்தின் உரிமத்தைப் பெரும் விலைக்கு வாங்கியது. பேச்சுவார்த்தை ஜூலைக் கடைசி வரை இழுத்தது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள் ஐந்து வாரத்தில் கேமை முடிக்க வேண்டியதாயிற்று. விற்காத கார்ட்ரிட்ஜ்களை, அதாவது கருவியில் செருகும் கேம் பெட்டிகளை, மற்ற சரக்கோடு சேர்த்து நியூ மெக்சிகோவில் குப்பைக் குழியில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்தபோது உண்மையிலேயே உள்ளே இருந்தன. எல்லாரும் வார்ஷாவைத்தான் திட்டினார்கள். உரிமப் பேச்சை ஜூலை வரை இழுத்தவர்களை யாரும் திட்டியதாகத் தெரியவில்லை.

அந்த மாதத்தில்தான் ஒப்பந்தங்களில் 'விளக்கங்கள்' என்று வரும், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும் முதல் பக்கத்தை ஒழுங்காகப் படிக்கக் கற்றேன். அதுவரை நேராகப் பணம் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுவேன். பணத்தைத் தீர்மானிப்பது அந்த முதல் பக்கம் என்பதற்கு டெட்ரிஸ் கதையைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

எண்பதுகளின் நடுவில் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னோவ் எழுதிய, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம் அது. சோவியத் நாட்டில் அதன் வெளிநாட்டு உரிமை அரசு நிறுவனமான எலோர்க் கையில். லண்டனில் இருந்த ராபர்ட் ஸ்டைன் என்ற தரகர், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே உரிமையை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அடுத்தவர்களுக்கு விற்றார்கள். இப்படிக் கைமாறி, அட்டாரி கேம்ஸ் நிறுவனம் டெங்கன் என்ற பெயரில், ஜப்பானிய நின்டெண்டோவின் டிவி கேம் கருவிக்கே டெட்ரிஸைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. 1989 பிப்ரவரியில், நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு உரிமை கேட்டு, ஜப்பானில் கேம் வெளியிட்டுவந்த ஹெங்க் ரோஜர்ஸ் மாஸ்கோ போனபோது, எலோர்க்கின் நிகொலாய் பெலிகோவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிகிறது: நாங்கள் விற்றது கணினி உரிமை மட்டும்தானே?

பெலிகோவ் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். அதே வாரம் மாஸ்கோவில் இருந்த ஸ்டைனிடம் ஒரு திருத்தத்தை நீட்டினார். அதில் பணத்தைத் தாமதமாகக் கட்டினால் கடுமையான அபராதம் என்று போட்டிருந்தது. ஸ்டைன் கவனமெல்லாம் அந்த அபராதத்தில். பக்கத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது: கணினி என்றால் பிராசசர், மானிட்டர், டிஸ்க் டிரைவ், விசைப்பலகை, ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டது. கையெழுத்துப் போட்டார். டிவியில் செருகி விளையாடும் கருவிக்கு விசைப்பலகை ஏது? ஒரே வரியில் அந்தக் கருவிக்கான, அதாவது கன்சோல், உரிமை மறுபடி எலோர்க்கிடம் வந்து, அங்கிருந்து நின்டெண்டோவுக்குப் போனது. டெங்கன் தன் கார்ட்ரிட்ஜ்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் கேமை எழுதிய மனிதருக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-இல்தான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். 2019-இல் எங்களுக்கு உண்மையிலேயே ஒரு பப்ளிஷர், பணம் போட்டு கேமை வெளியிடுகிறவர்கள், கிடைத்தார்கள். ஐரோப்பாவில் நடுத்தர அளவுக் கம்பெனி. நாங்கள் கொண்டுபோனது ரேக்ளாப் பந்தய கேம். அவர்களுக்காகப் புதுக் கேம் தேடும் ஸ்கவுட்டுக்கு முதல் வீடியோ அழைப்பிலேயே பிடித்துவிட்டது. ஆனால் ஸ்கவுட்டுக்குப் பிடிப்பது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிப்பது மாதிரிதான். வீட்டுப் பெரியவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்கு கிரீன்லைட் கமிட்டி என்று பெயர். விற்பனை, சந்தைப்படுத்தல், நிதி, தயாரிப்பு என்று ஆளுக்கொரு கேள்வி. விற்பனையிலிருந்து வந்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதுபோல முன்பு எது விற்றிருக்கிறது? மாட்டுவண்டி கேம் எதுவும் விற்கவில்லை என்றால் சந்தை இல்லை என்பார்கள். விற்றிருக்கிறது என்றால் இன்னொன்று எதற்கு என்பார்கள். குதிரைப் பந்தய கேம்களையும் பழைய ஆர்கேட் கார் பந்தயங்களையும் சேர்த்துக் கலந்து ஒரு பட்டியல் செய்து கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ஒப்பந்தம் வந்தது.

முன்பணம் 2,00,000 டாலர். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் கேக்கைத் தின்றுகொண்டே வருமானப் பங்கு என்ற பத்தியைப் படித்தேன். எங்களுக்கு 30 சதவீதம், அவர்களுக்கு 70. முன்பணம் எங்கள் பங்கிலிருந்து கழிக்கப்படும். 'எங்கள் பங்கிலிருந்து' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கேம் கடை தன் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்ட பிறகு வருவதில் எங்கள் 30 சதவீதம் 2,00,000 ஆக வேண்டுமென்றால், கடையில் சுமார் 9,52,000 டாலருக்கு விற்க வேண்டும். தள்ளுபடியெல்லாம் போக ஒரு பிரதி பத்து டாலர் என்று வைத்தால் 95,000 பிரதிகள். அதற்கு மேல் விற்றால்தான் எங்களுக்கு முதல் ரூபாய். அதையே 'கடைப் பங்கு போக வரும் முழு வருமானத்திலிருந்து முதலில் கழித்துக்கொண்டு பிறகு பங்கு பிரிப்போம்' என்று எழுதினால் 28,600 பிரதிகளிலேயே கழிந்துவிடும். முன்பணமும் சதவீதமும் மாறவே இல்லை. பலகையில் எழுதிக் காட்டியபோது எங்கள் ஆர்ட்டிஸ்ட் ஒருவர், "அப்ப நடுவுல இருக்கிற 66,000 பேரு நமக்காக வாங்கல, அவங்களுக்காக வாங்குறாங்க" என்றார். பேசிப் பார்த்தோம். பாதி வழி இறங்கி வந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த முன்பணமும் மொத்தமாக வராது. எட்டு மைல்ஸ்டோன், அதாவது வேலையின் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 25,000 டாலர். நாங்கள் பில்ட், அதாவது அதுவரை முடித்த கேம், அனுப்ப வேண்டும், அவர்கள் ஏற்க வேண்டும், ஏற்ற பிறகு 45 நாளில் பணம். 25,000 டாலர் என்றால் அன்றைய கணக்கில் எங்களுக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மைல்ஸ்டோன் சறுக்கினால் தெரிந்துவிடும். மூன்றாவது சறுக்கியது. ஒப்பந்தத்தில் ஏற்பதற்கான நிபந்தனை, 'பப்ளிஷருக்குத் திருப்தியளிக்கும் வகையில்'. அவர்களுக்குத் திருப்தி இல்லை. மாடு ஓடுவதில் உயிர் இல்லையாம்.

கோபத்தில் இரண்டு நாள் போனது. பிறகு எங்கள் அனிமேட்டர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரேக்ளாவில் போனில் எடுத்து வந்த வீடியோவைச் சட்டகம் சட்டகமாக ஓட்டிப் பார்த்தோம். தப்பு எங்களுடையதுதான். இரண்டு மாட்டுக்கும் ஒரே ஓட்டச் சுழற்சியைப் போட்டிருந்தோம். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியது, தையல் மெஷின் மாதிரி. வலது மாட்டை நான்கு சட்டகம் தள்ளி ஆரம்பிக்க வைத்து, நுகத்தடியை லேசாகச் சாய விட்டார் அனிமேட்டர். அவ்வளவுதான், வண்டி எழுந்து ஓடியது. அந்தத் திருத்தத்துக்கு ஒரு மதியம் ஆனது. பணம் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் துப்பாக்கி மாடல்தான் சோறு போட்டது.

ஐந்தாவது மைல்ஸ்டோனுக்குப் பிறகு ரத்து செய்துவிட்டார்கள். காரணம் கேம் இல்லை. தாய் நிறுவனம் செலவைக் குறைத்தபோது, வெளிவராத கேம்கள் முதலில் போயின. மின்னஞ்சல் மிகவும் மரியாதையாக இருந்தது. உரிமை எங்களுக்கே திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, அதற்காகப் போராடி வாங்கியிருந்தோம். அதற்கு அடுத்த வரியை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: கேம் வேறு எங்கு வெளிவந்தாலும், இதுவரை கொடுத்த 1,25,000 டாலர் அதன் வருமானத்திலிருந்து முதலில் அவர்களுக்கு. ஆக, மூலப் பத்திரம் எங்கள் பெயரில். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அவர்கள் பெயர். அதற்கப்புறம் பார்த்த இரண்டு பப்ளிஷர்களும் வில்லங்கத்தைப் பார்த்ததும் டீயை முடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

கேமை வெளியிட அனுமதி மட்டும் இன்று கஷ்டமே இல்லை. 1983-இல் அமெரிக்காவில் கேம் சந்தை சரிந்த பிறகு வந்த நின்டெண்டோ, தன் அனுமதி இல்லாத கேம் ஓடாதபடி கருவிக்குள் பூட்டுச் சிப் வைத்து, ஒரு கம்பெனி வருடத்துக்கு ஐந்து கேம்தான் விடலாம் என்று அளந்தது. கொனாமி என்ற கேம் கம்பெனி அதற்காகவே அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் கடை திறந்தது. இப்போது ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 100 டாலர் கட்டி, படிவம் நிரப்பி, சரிபார்ப்பு முடிந்தால் கேம் கடையில். எங்கள் மாட்டுவண்டிக்கு அந்த 100 டாலரையும் கட்டி வைத்திருக்கிறோம். மீதிப் பாதிக் கேமை முடிக்கத்தான் ஆளும் சம்பளமும் வேண்டும்.

போன மாதம் வடபழனி மேனேஜர் கூப்பிட்டார். என் நம்பரை இத்தனை வருடம் வைத்திருந்தது ஆச்சரியம். "தம்பி, அந்த ஓடுற விளையாட்டு இன்னும் கையில இருக்கா? இப்ப வேற ஹீரோ, வேற படம். இந்தத் தடவை மூஞ்சிக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கிட்டோம்."

"பாட்டு சார்?"

"பாட்டா..." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அத அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. நீங்க முதல்ல ஆபீஸுக்கு வாங்க."