தெருக்காரருக்குப் பணம் திரட்டும்போது

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றதும் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜிபே எண் வந்து விழும். அதற்கு முன்னால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அதில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டில் அனுமதி வாங்குவது முக்கியம். கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு பில்லை நீட்டுவதை நம்பி இருக்காதீர்கள். வசூல் என்பது இதற்கு மேல் மிஞ்சும் செலவுக்கு: வெளியே வாங்கும் மருந்து, கூட இருப்பவரின் சாப்பாடு, ஓடாத ஆட்டோவுக்குத் தவணை.

அடுத்தது, யார் கணக்கில் வாங்குவது? ஆள் ஐசியூவில் இருந்தால் பின் நம்பரும் அவரோடு உள்ளே போய்விடும், அதனால் மனைவி கணக்கு நல்லது. ஆனால் அது என்ன வகைக் கணக்கு என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுக்காமல் திறந்த சிறு கணக்கு என்றால், ஒரு நிதியாண்டில் மொத்த வரவே 1 லட்சம்தான். இருப்பு 50,000ஐத் தாண்டக்கூடாது. மாதம் 10,000க்கு மேல் எடுக்கவும் முடியாது. பணம் வந்தும் பில் கட்ட முடியாமல் நிற்பது இப்படித்தான். முதலில் கேஒய்சியை முடித்துவிட்டு அப்புறம் க்யூஆர் போடுங்கள்.

தெருவில் சம்பளக்காரர் ஒருவர் "என் கணக்குக்கு அனுப்புங்க" என்பார். நல்ல மனசுதான். ஆனால் சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். அது தன் பணம் இல்லை என்று வருமான வரிக்காரரிடம் விளக்க வேண்டியது அவர் தலையில் விழும். பெரிய தொகை தருகிறவரை நேராக ஆஸ்பத்திரி கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள். யுபிஐயில் ஆஸ்பத்திரிக்கு 5 லட்சம் வரை அனுப்பலாம்.

செய்தியில் வங்கியில் பதிவான பெயரை அப்படியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால், ஜிபேயில் வேறு பெயர் தெரிந்ததும் பலர் அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள். தேவைப்படும் தொகை, தேதி, ஆஸ்பத்திரி எஸ்டிமேட் மூன்றும் இருக்கட்டும். நோயாளி குழாய்களோடு கிடக்கும் படம் வேண்டாம். நாளை அவர் இதே தெருவில் நடமாட வேண்டியவர்.

கணக்குக்கு நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கம் வரவு: தேதி, பெயர், தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். வலப்பக்கம் செலவு, பில் ஒட்டி. பெயர் வேண்டாம் என்கிறவருக்கு "நலம் விரும்பி" என்று எழுதினால் போயிற்று. குழுவில் தினமும் ராத்திரி மொத்தத் தொகையை மட்டும் போடுங்கள். யார் எவ்வளவு என்று பட்டியல் போட்டால் நூறு ரூபாய்க்காரர் அடுத்த முறை ஒதுங்கிவிடுவார்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தில் எழுதிய தொகையைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரு வசூலில் அந்தத் தெளிவு கிடையாது. கொடுப்பது உதவியா, கைமாற்றா என்று அன்றைக்கே கேட்டு நோட்டில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத் திண்ணையில் பேச்சு கிளம்பும்.

தேவையான தொகை சேர்ந்ததும் "வசூல் முடிந்தது, இனி அனுப்ப வேண்டாம்" என்று தேதியோடு போட்டு, பழைய க்யூஆர் படத்தைக் குழுவிலிருந்து அழிக்க முடிந்தால் அழியுங்கள். அதற்குள் வேறு குழுக்களுக்குப் போனதை அழிக்க முடியாது. அங்கெல்லாம் இந்தச் செய்தியையும் அனுப்பச் சொல்லுங்கள்.