தீபாவளி நேரத்தில் விழுந்துகொண்டே இருந்த பில்லிங் சர்வர்

நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு சர்வர் வேலை பார்க்கிறேன். அம்பை, வள்ளியூர், மேலப்பாளையம் என்று கிளைகள் உண்டு, எல்லா கவுண்டரும் நெட் வழியாக ஒரே சர்வரில்தான் பில் போடும். உபுண்டு (லினக்ஸ் வகை ஒன்று), பக்கங்களைக் கொடுக்கும் அப்பாச்சி, ப்ரோக்ராமுக்கு பிஎச்பி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல், 8 ஜிபி ரேம். தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்காலம் கூட்டம் ஏறினாலே டேட்டாபேஸ் விழுந்துவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து வரும், அப்புறம் மறுபடியும் அதே கதை. "தம்பி, வரிசை தெருவுக்கு வந்துட்டு, ரேமு வாங்கணும்னா சொல்லு, இப்பவே வாங்கிருவோம்" என்றார் அண்ணாச்சி. எது தின்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்றேன்.

கர்னல் லாகில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவு) 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தது. மெமரி தீர்ந்துபோனால் லினக்ஸ் பொதுவாக அதிகம் பிடித்து வைத்திருக்கும் ப்ராசஸைத்தான் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) கொல்லும், இங்கே அது டேட்டாபேஸ். டேபிள்கள் இன்னோடிபி வகை (மாற்றங்களை 'ரீடூ லாக்' என்ற பதிவில் எழுதி வைக்கும் மைஎஸ்க்யூஎல் சேமிப்பு முறை) என்பதால் போட்ட பில் எதுவும் போகவில்லை. ரீடூ லாகைப் படித்துச் சரிசெய்துகொண்டுதான் எழும், அந்த நேரம்தான் கவுண்டரில் எல்லாரும் நிற்பது.

அடுத்து, மெமரி கணக்கைக் காட்டும் ஃப்ரீ கமாண்ட். அதில் 'ஃப்ரீ' என்ற கட்டத்தைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள், ஆனால் சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களை மெமரியிலேயே வைத்துக்கொள்ள) எடுத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்'. காலையில் 2 ஜிபி அளவில் இருந்தது, மாலை ஏற ஏறக் கரைந்தது.

கரைத்தது அப்பாச்சி. உபுண்டுவில் ப்ரீஃபோர்க் முறைக்கு (ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ப்ராசஸ்), ஒரே நேரத்தில் 150 ப்ராசஸ் வரை போகலாம் என்றுதான் வரும். ஒவ்வொன்றும் 60 எம்பி பிடித்தது, 150 ஆனால் 9 ஜிபி. இருப்பதே 8, அதிலும் டேட்டாபேஸ் தன் தகவலை மெமரியில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்கு 4 ஜிபி கொடுத்திருந்தது. ஆனால் இருக்கிற கவுண்டருக்கு அத்தனை ப்ராசஸ் ஏன் வர வேண்டும்? அதைத்தான் ரொம்ப நேரம் தேடினேன். ஸ்டாக் ஸ்க்ரீன் 3 செகண்டுக்கு ஒருமுறை தானாக ரெஃப்ரெஷ் ஆகிறது, அப்பாச்சியின் கீப்-அலைவ் (பதில் கொடுத்த பிறகும் கனெக்‌ஷனை மூடாமல் காத்திருக்கும் நேரம்) 5 செகண்ட், அதனால் திறந்து வைத்த ஸ்க்ரீன்கள் ப்ராசஸ்களை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கின்றன, பையன்கள் ஒரே கம்ப்யூட்டரில் நாலைந்து ப்ரவுசர் டேப்களில் அதைத் திறந்து போட்டிருப்பார்கள்.

ரெஃப்ரெஷை 60 செகண்ட் ஆக்கினேன், கீப்-அலைவை 2. ப்ராசஸ் உச்சவரம்பு 50, அதாவது 3 ஜிபி. பஃபர் பூல் 3 ஜிபி, மற்றதெல்லாம் சேர்த்து 1, மீதி 1 ஜிபி கேஷுக்கு. ஒருமுறை பெரிய ரிப்போர்ட் ஓட்டிப் பெருத்த ப்ராசஸ் பெரும்பாலும் இளைக்காது, அதனால் 500 கனெக்‌ஷனுக்கு ஒருமுறை அது முடிந்து புதிது வருமாறு வைத்தேன்.

"150-ஐ 50 ஆக்கினா கூட்டத்துல எப்படிடே தாங்கும்?" என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்விதான். 51-வது ரிக்வெஸ்ட் திரும்பிப் போகாது, வரிசையில் நிற்கும், ஒரு ப்ராசஸ் ஒழிந்ததும் உள்ளே போகும் என்று விளக்கினேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி 50-ஐத் தொட்டுவிட்டது என்று அப்பாச்சி லாகில் பதிவாகியிருந்தது, பில் கொஞ்சம் மெதுவாக வந்தது, ஆனால் டேட்டாபேஸ் விழவில்லை. ரேம் வாங்கவில்லை.

அந்தப் பெரிய ஸ்டாக் ரிப்போர்ட்டைக் கடை அடைத்த பிறகு தானாக ஓடும்படி மாற்ற வேண்டும், அந்த வேலை பாக்கி இருக்கிறது.