சக்கரக்கோட்டை கம்மால ஆரம்பிச்சு

பொங்கல் லீவுக்கு ராம்நாடு போயிருந்தப்ப சித்தப்பா அஞ்சரைக்கே எழுப்பிவிட்டாரு, வெயில் ஏறிட்டா எதுவும் சரியா தெரியாதுப்பா கெளம்புன்னு. டவுன ஒட்டியே இருக்க சக்கரக்கோட்டை கம்மாக்கு பைக்குல போனோம். உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியலான ராம்சார் பட்டியல்ல 2025ல சேத்த கம்மா இது. தண்ணிக்கு நடுவுல நிக்கிற கருவேல மரமெல்லாம் எச்சம் பட்டு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு, மேல பூராம் சங்குவளை நாரை கூடு. ஒரு நாரை கூட்டு விளிம்புல வந்து நின்னு மீனை கூட்டுக்குள்ள கக்குச்சு, குஞ்சுங்க அடிச்சு புடிச்சு தின்னு முடிச்சதும் வெயில் பக்கமா திரும்பி ரெண்டு ரெக்கையும் விரிச்சு குஞ்சுங்களுக்கு நெழல் குடுத்துக்கிட்டு அப்படியே நின்னுச்சு, நாங்க இருந்த வரைக்கும் ரெக்கைய மடக்கவே இல்ல. பாக்க பாக்க கண்ணு கலங்கிருச்சு.

சித்தப்பா சொன்னது மனசுல நின்னுச்சு. இது வானம் பாத்த பூமி, நெல்லுக்காக நம்ம ஆளுக வெட்டுன கம்மாப்பா இது, அதுல பறவையும் வந்து பொழைக்குது, கம்மா தூந்து போச்சுன்னா ரெண்டு பேருக்கும் சோறு இல்லன்னாரு.

அப்புறம் ராம்நாட்ட ஆண்ட சேதுபதி ராஜாக்களோட அரண்மனை, ராமலிங்க விலாசம். சுவரு, கூரைன்னு ஒரு இடம் விடாம ஓவியம், 1700கள் தொடக்கத்துல வரைஞ்சது. ராஜராஜேஸ்வரி அம்மன் கையால சேதுபதி செங்கோல் வாங்குறதும் இருக்கு, தஞ்சாவூர் மராட்டியரோட சண்டை போடுறதும் இருக்கு. கழுத்து வலிக்கிற வரை பாத்தேன். ராம்நாட்டுக்காரங்களே நெறய பேர் இத பாத்ததில்ல, அதான் வருத்தமா இருக்கு.

மத்தியானம் பாம்பன் தாண்டி தனுஷ்கோடி ரோடு. 64 புயல்ல இடிஞ்ச சர்ச்ச பாக்கணும்னுதான் கெளம்புனது, ஆனா அந்த புயலுக்கும் தப்பிச்ச கோதண்டராமர் கோயில் பக்கத்துலயே வண்டிய நிறுத்திட்டோம், தண்ணி பூரா பூநாரை, அதாங்க ஃபிளமிங்கோ! 2025 ஜூன்ல இந்த பக்கத்த பூநாரை சரணாலயமா அறிவிச்சாங்க, 524.7 ஹெக்டேர். பைனாகுலர்ல பாத்தா தலைய கவுத்து, மேல் அலகு கீழ வர்ற மாதிரி வச்சுக்கிட்டு நாக்கால தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி வெளிய தள்ளி வடிகட்டுது, காலால சேத்த மிதிச்சு கிளறிக்கிட்டே.

அப்ப நாலஞ்சு பசங்க கார்ல வந்து எறங்கி, பறக்கிற மாதிரி போட்டோ வேணும்னு கைதட்டிக்கிட்டே தண்ணிக்குள்ள எறங்கிட்டாங்க, கூட்டம் மொத்தமும் எந்திரிச்சிருச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு கத்திருப்பேன். அவ்ளோ தூரம் பறந்து வந்து எரை தேடுறத சும்மா சும்மா கெளப்பி விட்டா தின்னதெல்லாம் பறக்கவே செலவாயிரும்ல? சித்தப்பா கத்தல. "தம்பி, இங்கிட்டு வாங்கப்பா, இதுல பாருங்க"ன்னு பைனாகுலர நீட்டுனாரு. பறவைங்க தள்ளி போய் மறுபடி எறங்குறதுக்கு ரொம்ப நேரமாச்சு. "அண்ணே தலைகீழா திங்குதுண்ணே"ன்னு ஒருத்தன் கத்த, மத்தவங்க குடுறா குடுறான்னு புடுங்க, எல்லாரும் மாத்தி மாத்தி பாத்து முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு, சர்ச்சுக்கு போகவே இல்ல.