பாலர் பள்ளி மேடைக்கு ஒரு டூட்டூ

பாலர் பள்ளியின் ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் செய்தியில் ஒரு வரிதான் இருக்கும்: பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, இளஞ்சிவப்பு டூட்டூ. சிங்கப்பூருக்கு வந்து நாலைந்து மாதமே ஆன வீட்டில் அந்தச் சொல்லே புதிது. எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டால் அவர் கடலைப்பொடி வைத்து அவித்த துத்து குவேயைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். (அது நம் புட்டுக்குத் தூரத்துச் சொந்தம், கிடைத்தால் விடாதீர்கள்.) பள்ளி கேட்பது, பாலே ஆடுகிறவர்கள் கட்டும் குட்டை வலைப் பாவாடை.

ஊரில் என்றால் அளவுப் பாவாடையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிட்டு வரலாம். இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை மாடியிலும் தைத்துத் தருவார்கள்தான், ஆனால் ஒரு நாள் கூத்துக்குத் தையல்கூலி கட்டுப்படியாகாது. டூட்டூவுக்கு மெஷினும் தேவையில்லை. பூத்தொடுத்துப் பழகிய கைக்கு இது ஒரு சாயங்கால வேலை.

துணிக்குப் பெயர் டூல். நம்மூர்க் கடைகளில் நெட் துணி என்பார்கள். அராப் ஸ்திரீட்டிலும் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் வளாகத்துத் துணிக்கடைகளிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கைவினைப் பொருள் கடைகளில் 6 அங்குல அகலத்தில் 25 கெஜ ரோலாக வரும். முதல் தடவை கட்டுகிறவர்களுக்கு ரோல்தான் நல்லது. அகலவாக்கில் வெட்டும் வேலை மிச்சம். துணியை விரலிடையில் கசக்கிப் பாருங்கள். மொடமொடவென்று நிற்பது புடைப்பாக இருக்கும், ஆனால் தொடையை அறுக்கும். மெத்தென்று இருப்பதையே எடுங்கள். ஜிகினா தூவியதை வாங்கவே வேண்டாம். கையில் ஒட்டி, கண்ணுக்குப் போய், பிறகு வீடெல்லாம் மினுங்கும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு இடுப்பு 52 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. அகல எலாஸ்டிக்கை 50 செ.மீ. வெட்டி, இரு முனைகளையும் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சதுரமாக இரண்டு சுற்று கைத்தையல் போடுங்கள். 48 செ.மீ. வளையம் கிடைக்கும். முனைகளை முடிச்சாகப் போட்டால் குழந்தை சாய்ந்து உட்காரும்போது முதுகில் குத்தும். எலாஸ்டிக்குக்குப் பதில் ரிப்பன் கட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். கழிவறைக்கு ஓடும் பிள்ளை தானே இறக்கி ஏற்ற வேண்டும். பாவாடை நாடா இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

பாவாடை நீளம் 25 செ.மீ. போதும், முழங்காலுக்கு மேலேயே நிற்கும். ஒவ்வொரு துண்டும் இரண்டாக மடிந்து தொங்குவதால் 50, முடிச்சுக்கு 4, ஆக 54 செ.மீ. அளந்து அளந்து வெட்டாதீர்கள். 27 செ.மீ. நீள அட்டையில் நீளவாக்கில் ரோலைச் சுற்றி, ஒரு விளிம்பில் மட்டும் கத்தரித்தால் துண்டுகள் தானாக விழும். ஒரு தடவைக்கு 15 சுற்று போதும். அதற்கு மேல் போனால் சுற்று தடித்து, வெளிச்சுற்றுத் துண்டுகள் நீளமாகி, விளிம்பு ஏறி இறங்கும். ஒரு ரோலில் 42 துண்டுகள் வரும், உங்களுக்கு 50 வேண்டும். எனவே இரண்டு ரோல். மீட்டரில் வாங்கினால் 150 செ.மீ. அகலத்துணி 2.7 மீட்டர், அதை 15 செ.மீ. பட்டைகளாக வெட்ட வேண்டும். டூல் நூல் பிரியாது, ஓரம் அடிக்கத் தேவையில்லை.

இனி முடிச்சு, முழு வேலையும் இதில்தான். 52 செ.மீ. சுற்றளவுள்ள அட்டைப்பெட்டியில் வளையத்தை மாட்டுங்கள். தளர்ந்த எலாஸ்டிக்கில் கட்டினால் பார்க்க நெருக்கமாகத் தெரியும். இடுப்பில் ஏறி விரிந்ததும் சந்து சந்தாக உள்ளாடை தெரியும். துண்டை இரண்டாக மடித்து, மடிப்பு மேலே நீட்டும்படி எலாஸ்டிக்குப் பின்னால் வையுங்கள். மடிப்பை முன்பக்கமாகக் கீழே வளைத்து, பின்னால் தொங்கும் இரு வால்களையும் எலாஸ்டிக்கின் அடியால் முன்னே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுங்கள். பூச்சரத்தைப் போல் பலங்கொண்டு இறுக்கினால் எலாஸ்டிக் சுருண்டு கயிறாகி இடுப்பில் தடம் போடும். பட்டை தட்டையாகவே இருக்க வேண்டும், முடிச்சு நழுவாமல் நின்றால் சரி. எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஒரு முடிச்சு ஒரு சென்டிமீட்டர் இடம் எடுக்கும். கட்டக் கட்ட விரலால் ஒதுக்கிக்கொண்டே போங்கள். மிச்சத் துண்டுகள் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திணிக்கவும் கூடாது. இந்தப் புழுக்கத்தில் அவ்வளவு கனத்தைக் குழந்தை பத்து நிமிடம் தாங்காது.

உள்ளே பருத்திக் கால்சட்டை கட்டாயம். டூல் நேராக வேர்வை பட்ட தோலில் உரசினால் வேர்க்குரு நிச்சயம். பெரிய அக்காவின் நீள டூட்டூவைத் தங்கைக்குப் போட்டு எம்ஆர்டி ரயிலுக்குக் கூட்டிப்போவதும் ஆபத்து. கணுக்கால் வரை தொங்கும் வலை மின்படிக்கட்டில் மாட்டும். மின்தூக்கியில் ஏறுங்கள், அல்லது பாவாடையைப் பையில் கொண்டுபோய்ப் பள்ளியில் மாட்டுங்கள். பிறந்தநாள் மெழுகுவத்தி, குத்துவிளக்கு, தீபாவளிக் கம்பி மத்தாப்பு எதன் பக்கத்திலும் டூட்டூவோடு விடாதீர்கள். நைலானோ பாலியெஸ்டரோ, சட்டென்று பற்றி உருகித் தோலில் ஒட்டும்.

இஸ்திரிப் பெட்டியும் அதே காரணத்துக்காக வேண்டாம். கசங்கியிருந்தால் வெந்நீர் திறந்த குளியலறையில் கால்மணி நேரம் தொங்கவிடுங்கள். கையால் அலசி, எலாஸ்டிக்கைக் கிளிப்பில் கவ்வி, வீட்டுக்குள்ளேயே காயப்போடுங்கள். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போட்டால் ஒரு காற்றுக்குப் பத்தாம் மாடியிலிருந்து கீழே பறக்கும். நிகழ்ச்சி வரைக்கும் தலைகீழாகத் தொங்கட்டும், புடைப்பு அமுங்காது.