முன்னால் ஒரு பல் கூட்டினால்: டூரிங் வண்டியின் மைலேஜ் நாட்குறிப்பு

ஏப்ரல் 5, 2025

வண்டி 400 சிசி வகை. ஒற்றை சிலிண்டர், ஆறு கியர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் முன்னால் 15 பல், பின்னால் 45, செயின் 520 அளவு. மதுரையை விட்டு நாலுவழிச் சாலை ஏறினால் மணிக்கணக்கில் ஆறாவது கியர்தான். அங்கே மணிக்கு 90 கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்துக்கு இவ்வளவு சுற்று தேவையில்லை.

45-ஐ 15-ஆல் வகுத்தால் 3: பின் சக்கரம் ஒருமுறை சுற்ற முன் ஸ்ப்ராக்கெட் மூன்று முறை சுற்ற வேண்டும். முன்னால் 16 போட்டால் 2.81. சுற்று 6.25 சதவீதம் குறையும். 5000 இருந்த இடத்தில் 4690 வரும். இதையே பின்னால் செய்ய 42 பல் வேண்டும். முன்னால் ஒரு பல் கூட்டுவதும் பின்னால் மூன்று பல் குறைப்பதும் இந்த வண்டியில் ஏறத்தாழ ஒன்றே.

சுற்று 6 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 6 சதவீதம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். சக்கரத்துக்கு வேண்டிய பவர் மாறவில்லை, எதிர்க்காற்றைத் தள்ளும் வேலை அப்படியே இருக்கிறது. மிச்சமாவது இன்ஜினுக்குள் நடக்கும் இரண்டு விரயங்கள்: ஒன்று உராய்வு, மற்றது பாதி மூடிய த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு) வழியாகக் காற்றை உறிஞ்சப் படும் பாடு. சுற்று குறைந்தால் அதே வேகத்துக்கு த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும். லாபம் அந்தத் திறப்பிலும் உராய்வு குறைவதிலும்தான் வருகிறது. 3, 4 சதவீதம் கிடைத்தால் அது நியாயமான எதிர்பார்ப்பு.

ஏப்ரல் 9

மாற்றுவதற்கு முன் இப்போதைய மைலேஜைச் சரியாக அளந்து வைக்க வேண்டும். 4 சதவீத வித்தியாசத்தைத் தேடும்போது அளவில் 3 சதவீதம் பிசகினால் எல்லாம் வீண். ஐந்து லிட்டர் போட்டு அளந்தால், டேங்க் கழுத்தில் 150 மில்லி கூடக் குறைய நிற்பதே 3 சதவீதம். அதனால் ஒரே மூச்சில் 300 கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம் வேண்டும். அதே பங்க், அதே பம்ப், வண்டியை நிமிர்த்தி ஒரே மாதிரி நிறுத்தி, கழுத்தின் உள் விளிம்பு வரை நிரப்ப வேண்டும்.

பெட்ரோலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதக் கலப்புக்கு மாறினாலே ஏறத்தாழ 3 சதவீதம் போய்விடும். ஸ்ப்ராக்கெட் தரும் லாபமும் அதே அளவுதான். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது மிக எளிது.

டயர் காற்றை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். வெயிலில் ஓடிவந்து பங்க்கில் பார்க்கும் அளவு கூடுதலாகவே காட்டும்.

ஏப்ரல் 13

அளவோட்டம்: கப்பலூரில் நிரப்பி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியே திருநெல்வேலி, திரும்பவும் அதே வழி. காற்று எழுமுன் கிளம்பியது நல்லது. 90-இல் லிட்டருக்கு 30.8 கிலோமீட்டர். அதே கியரில், அதே சாலையில் 80-இல் ஓட்டினால் 34.2.

இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல், வேகத்தை 10 குறைத்ததற்கு 11 சதவீதம் கிடைத்திருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 90-இலிருந்து 80-க்கு வந்தால் அது 21 சதவீதம் குறையும். எந்த ஸ்ப்ராக்கெட்டும் இதைத் தராது. நீண்ட கியரின் (அதே வேகத்துக்குக் குறைந்த சுற்று) ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பழைய இன்ஜின் சத்தம் காதில் பழகியிருக்கும். அதே சத்தம் வரும்வரை கை தானாக முறுக்கினால் 96-இல் போய்க்கொண்டிருப்போம். மிச்சம் பிடித்ததற்கு மேலேயே காற்றில் போய்விடும்.

ஏப்ரல் 19

16 பல் மாட்டியாயிற்று. வரிசை முக்கியம்.

முதலில் பழைய செயினை அளக்க வேண்டும். 520 செயினில் இருபது கண்ணி புதிதில் 317.5 மி.மீ. நன்றாக இழுத்துப் பிடித்து அளந்து 323 தாண்டினால் அந்தச் செயினில் புது ஸ்ப்ராக்கெட் போடக் கூடாது. நீண்ட செயின் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். இங்கே 319, ஓடும்.

முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றினால் உள்ளே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் தூசியும் செயின் லூபும் சேர்ந்து தார் போல அப்பியிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் வைத்து முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். புது ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் பெரிது. அந்த அழுக்கே செயினில் உரசும்.

நட்டைத் தளர்த்துவது செயின் இறுக்கமாக இருக்கும்போதே. நட் தளராமல் பிடிக்கும் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க நட்டைத் திறக்க வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் ஷாஃப்ட் சுற்றும், நட் அசையாது. சுத்தியலால் தட்டித் திறப்பது கியர்பாக்ஸ் பேரிங்குக்குக் கேடு.

பிறகு பின் சக்கர அச்சான ஆக்ஸிலைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, ஸ்ப்ராக்கெட்டைச் செயினோடு சேர்த்தே உருவலாம். செயினை வெட்ட வேண்டியதில்லை. ஒரு பல் கூடியதால் ஆக்ஸில் ஏறத்தாழ 4 மி.மீ. முன்னால் வரும். செயின் புத்தம் புதிதாக இருந்து ஆக்ஸில் ஏற்கெனவே முன் எல்லையில் நின்றால் 16 ஏறாது. பின்னால் 42 போடுபவர்களுக்கு நேர்மாறு: ஆக்ஸில் 13 மி.மீ. பின்னால் போகும், செயின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரில் இடம் இருக்காது; இரண்டு கண்ணி வெட்ட வேண்டி வரும்.

மாட்டியதும் கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்ஜின் கேஸிங்குக்கும் செயினுக்கும் நடுவே 3 மி.மீ. ஆவது இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 16 அந்த வண்டிக்கானதல்ல. கேஸிங்கை அரத்தால் ராவுவதோ, லேத்தில் ஸ்ப்ராக்கெட் துளையைப் பெரிதாக்குவதோ வேண்டாம். லாக் வாஷர் புதிது போட்டு, மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கே இறுக்க வேண்டும். செயின் தொய்வையும் மேனுவல்படி, செயின் அதிகமாக இறுகும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், அது வண்டியோடு இணையும் பிவட்டிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளப்பது நல்லது.

ஏப்ரல் 20

ஸ்பீடோமீட்டர் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் மைலேஜ் கணக்குப் போட வேண்டாம். சக்கரத்தில் இருந்தால் கவலையில்லை. கியர்பாக்ஸில் இருந்தால் 100 கிலோமீட்டர் ஓடியதை 93.75 என்று காட்டும். அப்படிப்பட்ட வண்டியில் மைலேஜ் உண்மையில் கூடியும், குறைந்ததாகத்தான் கணக்கு வரும். காட்டும் தூரத்தை 1.067-ஆல் பெருக்க வேண்டும். நாலுவழிச் சாலையின் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பத்துக் கல் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வண்டியில் சென்சார் சக்கரத்தில், ஓடோமீட்டர் மாறவில்லை.

ஏப்ரல் 27

அதே கப்பலூர் பம்ப், அதே திருநெல்வேலி ஓட்டம், அதே 90: லிட்டருக்கு 31.9. மூன்றரை சதவீதம்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 11 லிட்டர் மிச்சம். லிட்டர் 101 ரூபாய் என்றால் ஆயிரத்து நூறு ரூபாய்ச் சொச்சம். ஸ்ப்ராக்கெட் விலை அதில் வந்துவிடும். ஆனால் இதற்காக மட்டும் நல்ல செயின் கிட்டை (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும்) தூக்கி எறிந்துவிட்டு முழுசாகப் புதிது வாங்குவது நஷ்டம். கிட் மாற்றும் காலம் வரும்போது பல்லை மாற்றிக்கொள்வதே புத்தி.

மே 11

சித்திரைத் திருவிழாக் கூட்டம். கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கமெல்லாம் ஆள் நடக்கும் வேகம்தான். முதல் கியரும் நீண்டுவிட்டதால் ஹாஃப் கிளட்சில் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. ஊருக்குள்ளேயே பாதி நாள் ஓடும் வண்டிக்கு 16 வேண்டாம். கிளட்ச் பிளேட் செலவு பெட்ரோல் மிச்சத்தை விழுங்கும்.

மே 18

வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைச்சாலை. பின்னால் ஆள், இரண்டு சைடு பாக்ஸ். பழைய கணக்கில் மூன்றாவது கியரில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டாவது. மூன்றிலேயே பிடிவாதமாக இழுத்தால் 3000 சுற்றுக்குக் கீழே இன்ஜின் அதிர்கிறது, செயின் டக் டக்கென்று அடிக்கிறது. த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் இன்ஜினின் கணினியான இசியூ கலவையில் பெட்ரோலைக் கூட்டும். நாலுவழியில் பிடித்த மிச்சம் அங்கே கரையும். கியரைக் குறைத்துவிடுவதுதான் சிக்கனம். இறக்கத்திலும் ஒரு கியர் கீழே இருக்க வேண்டும், இன்ஜின் பிரேக்கிங் குறைந்திருப்பது வளைவுகளில் நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 8

தேனிச் சாலை. ஆண்டிபட்டி தாண்டியதும் மேல்காற்று நேரே முகத்தில். 80-இல் ஆறாவது கியர் தாங்கவில்லை, ஐந்தில்தான் ஓட்டம். அதாவது கூட்டிய பல்லால் போகும்போது பயனில்லை. திரும்பும்போது காற்று முதுகில் தள்ள, ஆறில் சொகுசாக வந்தது. ஆடி முடியும்வரை தேனி, கம்பம் பக்கம் அதிகம் போகிறவர்கள் 15-ஐக் கழற்ற வேண்டாம்.

ஜூன் 15

அடுத்த கிட்டுக்கு முடிவு: 15-க்கு 43, அல்லது கிடைத்தால் 16-க்கு 46. இரண்டிலும் சுற்று 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும்; சாலைக்கும் மலைக்கும் நடுவாக இருக்கும். மனம் 16-46 பக்கம்தான். பெரிய முன் ஸ்ப்ராக்கெட்டில் செயின் குறைவாக மடங்கும், தேய்மானம் குறைவு. ஆனால் ஆக்ஸில் 8 மி.மீ. முன்னால் வரும், புதுச் செயினோடு அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்குமா என்று கடையில் காசு கொடுக்குமுன் அளந்து பார்க்க வேண்டும். 15-43 என்றால் அதே கண்ணி எண்ணிக்கை, ஆக்ஸில் 8, 9 மி.மீ. பின்னால்.

இப்போதுள்ள 16-இல் நட்டின் லாக் வாஷர் மடிப்பு அசையவில்லை. புதிதாக மாட்டியவர்கள் 500 கிலோமீட்டரில் ஒருமுறை கவரைத் திறந்து, நட்டையும் கேஸிங் உள்ளே செயின் உரசிய பளபளப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடவும்.