67 வோல்ட்டில் முரண்டு பிடித்த ப்ரீசார்ஜ்

பேட்டரியை மாட்டும்போது வரும் ‘பட்’ என்ற சத்தம் ஒருவழியாக ஒழிந்தது. பழைய ஸ்கூட்டரை 72 வோல்ட் பேட்டரிக்கு மாற்றியவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரின் காலிக் கெபாசிட்டர்கள் ஒரே கணத்தில் நிரம்பப் பார்ப்பதால் வரும் பொறி அது. என் கனெக்டரின் தங்கப்பூச்சு முனையில் கடுகளவுக்குக் குழி விழுந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. அப்படிக் குழி விழுந்த இடம்தான் பிறகு சுமை ஏறும்போது சூடாகிறது.

ஆகவே மெயின் சுவிட்சுக்கு இணையாக ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் அதற்கென ஒரு புஷ் பட்டனும் போட்டேன். மெயினைப் போடும் முன் கெபாசிட்டரை இப்படி மெதுவாக நிரப்புவதுதான் ப்ரீசார்ஜ். என் கன்ட்ரோலரில் கெபாசிட்டர்கள் மொத்தம் 2000 மைக்ரோஃபாரட். கணக்குப்படி ஒரு விநாடி அழுத்தினால் போதும், கெபாசிட்டர் நிரம்பிவிட வேண்டும். நிரம்பவில்லை. பேட்டரியில் 82 வோல்ட் (72 என்பது பெயரளவுதான், முழு சார்ஜில் 84 வரை போகும்). கன்ட்ரோலர் முனைகளில் மல்டிமீட்டர் விறுவிறுவென்று ஏறி 67-ல் நின்றுகொண்டது. பத்து விநாடி அழுத்திப் பிடித்தாலும் அதே 67. அந்த நிலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் பொறி சிறுத்திருந்ததே தவிர, போகவில்லை.

ரெசிஸ்டர் மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றுவதில் பயனில்லை. 100 ஓமில் 15 வோல்ட் விழுகிறது என்றால் 0.15 ஆம்பியர் எங்கோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். நிரம்பிய கெபாசிட்டர் அவ்வளவு குடிக்காது. குடித்தது, பேட்டரி வோல்ட்டைக் குறைத்து ஹெட்லைட்டுக்குக் கொடுக்கும் டிசி-டிசி கன்வர்ட்டர். அதன் இன்புட் வயர் கன்ட்ரோலர் முனையிலேயே நேரடியாக இணைந்திருந்தது. சாவி போடாமலே பார்க்கிங் விளக்குக்கும் தனக்குமாகச் சேர்த்து 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வயரைப் பிரித்துச் சாவி வழியாகக் கொண்டுபோனேன். இப்போது பட்டனை அழுத்தினால் பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் அரை வோல்ட் வித்தியாசம்கூட இல்லை. மெயின் சுவிட்ச் விழும் சத்தம் மட்டுமே கேட்கிறது. வரிசை இதுதான்: பட்டன், மெயின், அதற்குப் பிறகே சாவி.

சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். உடனே திரும்ப மாட்டினால் ப்ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் பொறி வராது. வெற்றி என்று குதிக்காமல், மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் இறங்கும் வரை காத்திருந்து மாட்டிப் பாருங்கள்.

ரெசிஸ்டர் வாங்கும்போது ஓமைவிட வகையைப் பாருங்கள். எத்தனை ஓம் போட்டாலும் ரெசிஸ்டரில் எரியும் ஆற்றல் ஒன்றுதான். முழு சார்ஜ் 84 வோல்ட்டில் எனக்கு 7 ஜூல். ஓம் கூடினால் அது மெதுவாக எரியும், அவ்வளவே. ஆனால் முதல் கணத்தில் 100 ஓம் ரெசிஸ்டர் 70 வாட் தாங்க வேண்டும். வெள்ளை நிற 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இதை அசட்டையாகத் தாங்குகிறது. கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் போட்டால் கருகல் மணம் வரும். சிமெண்ட் வகை சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ரெசிஸ்டருக்குப் பதில் குண்டு பல்பைப் போடுபவர்களும் உண்டு. கன்ட்ரோலர் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு அணையாமல் எரிந்து காட்டிக்கொடுக்கும் என்பது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் என்னுடையது போன்ற 10 வாட் கசிவை 230 வோல்ட் பல்பு தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. மீட்டருக்கு மாற்று இல்லை.

பொறி வராமல் தடுக்கும் எக்ஸ்டி90-எஸ் கனெக்டரிலேயே 5.6 ஓம் ரெசிஸ்டர் உள்ளடங்கி வருகிறதே என்று கேட்பீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் பச்சை வளையத்தை மட்டும் மாட்டி விற்கும் போலிகளும் என் கைக்கு வந்தன. நுழைவு வளையத்துக்கும் சால்டர் குழிக்கும் இடையே மீட்டரை வைத்து 5.6 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) மெயின் சுவிட்சாக வைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். சுவிட்ச் பிரியும்போது எழும் பொறியில் (ஆர்க்) ஓடும் டிசி மின்னோட்டம், ஏசியைப் போலப் பூஜ்யத்தைக் கடக்காது, அதனால் பொறி தானாக அணையாது.

பட்டனுக்கு இன்னும் மூடி போடவில்லை, மழைக்கு முன் போட வேண்டும். அதற்குள் மனம் கான்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்) பக்கம் ஓடிவிட்டது: சாவியைத் திருப்பினால் டைமர் ரிலே இரண்டு விநாடி ப்ரீசார்ஜ் செய்து, பிறகு கான்டாக்டரை இழுக்க வேண்டும். 84 வோல்ட் டிசிக்கு உரிய கான்டாக்டருக்குக் கடைக்காரர்கள் சொல்லும் விலைதான் தலைசுற்றுகிறது. அதன் காயிலுக்குக் குறுக்கே போடும் டயோடை மட்டும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.